முனீஸ்வரன் தளர்த்திய மூடி

போடிமெட்டிலிருந்து பூப்பாறைக்கு இறங்குகிற வழியில் ஒரு தேயிலை எஸ்டேட் இருக்கிறது. அதன் ஃபேக்டரியில் வாட்டுக்கூடம் இருபத்தாறு வருஷமாக முனீஸ்வரன் பொறுப்பு. பறித்த கொழுந்தை நீளத் தொட்டிகளில் கம்பி வலைமேல் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட வைக்கிற இடம் அது. இந்த இருபத்தாறு வருஷத்தில் மேனேஜர்கள் ஏழு பேர் மாறிவிட்டார்கள். முனீஸ்வரனையும் மாற்றலாம் என்று ஒருவர் நினைத்துப் பார்த்தார். பத்து நாள் வேறு ஆளைப் போட்டு, வந்த தூளைக் குடித்துப் பார்த்துவிட்டு, அந்த நினைப்பை விட்டுவிட்டார்.

கொழுந்து விஷயத்தில் முனீஸ்வரனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சாக்கில் இறுக்கி அடைத்து வெயிலில் போட்டுவிட்டால், கொழுந்து உள்ளுக்குள்ளேயே வேர்த்து, சூடேறி, தொட்டிக்கு வருமுன்னே சிவந்துபோகும். சிவந்ததை வைத்துக்கொண்டு நல்ல தூள் எடுக்க முடியாது. அதனால் டிராக்டர் வந்து நின்றதும் ஒவ்வொரு சாக்குக்குள்ளும் முழங்கை வரை கையை விட்டுப் பார்ப்பார். கையில் சூடு பட்டால் நிமிர்ந்து பார்த்து, “யாரும்மா இது மேல ஏறி உக்காந்தது?” என்பார். பதில் எப்போதும் ஒன்றுதான். “யாரும் உக்காரலண்ணே. பறிச்சது பறிச்சபடி கெடக்கு.” அது பொய் என்று அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். சண்டை போடமாட்டார். அந்தச் சாக்கைத் தனியாகக் கொட்டச் சொல்லிவிட்டு, “வாயை இறுக்கிக் கட்டாதீங்கம்மா, மூச்சு விடட்டும்” என்று மட்டும் சொல்லுவார். நாளுக்கு இருபது தடவை சொல்லியிருப்பார்.

அவர் மனைவி சாந்தம்மாளும் அதே எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள்தான். கல்யாணத்துக்கு முன்னால் அவள் சாக்கையும் ஒரு நாள் தனியாகக் கொட்டியிருக்கிறார். அவளும் அன்று யாரும் உட்காரவில்லை என்றே சாதித்தாள். பிள்ளை பிறந்த பிறகுதான், “நான்தான் உக்காந்தேன், கால் வலிச்சுச்சு” என்று ஒப்புக்கொண்டாள். வாய் கொஞ்சம் நீளம் அவளுக்கு. யாரையும் திட்டாமல் அவளுக்கு ஒரு நாளும் முடியாது, திட்டியவர்களுக்கே மறுநாள் குழம்பு கொடுத்தனுப்பாமலும் முடியாது. அவர்கள் பெண் ஆர்த்தி கட்டிக்கொடுத்து கம்பத்தில் இருக்கிறாள். எஸ்டேட் வரிசை வீடான லயத்தில் இவர்கள் இரண்டு பேர்தான்.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம், மழை விட்டிருந்த நேரத்தில், குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி சாந்தம்மாளின் கையில் தட்டுப்பட்டது. கொழுந்து நன்றாகத் துளிர்த்திருந்த சமயம். சீசன் முடியட்டும் என்று இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. ஊரையெல்லாம் வாயால் அளப்பவள் தன் கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதை நினைத்தால் முனீஸ்வரனுக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸ்தான் பார்த்துவிட்டு, அடிமாலிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். அங்கே டாக்டர் ஆனந்தகுமார் கட்டியைத் தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், பருத்த ஊசி ஒன்றைச் செலுத்தி நூல்போல நாலு துண்டு சதை எடுத்தார். மரத்துப்போக மருந்து போட்டுத்தான் எடுத்தார்கள். ஆனாலும் சாந்தம்மாளுக்கு அந்த மருந்து சரியாகப் பிடிக்கவில்லை. கத்தவில்லை. முனீஸ்வரனின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், அவள் நகம் பதிந்த இடம் பத்து நாள் கன்றிக் கிடந்தது. வெளியே வந்ததும் சொன்னாள். “இன்னொரு தடவ இதுக்குன்னு என்னைக் கூப்பிடாதீங்க. செத்தாலும் வரமாட்டேன்.”

எடுத்த சதையை எர்ணாகுளத்தில் ஒரு லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரி ஆள் வாரத்துக்கு இரண்டு நாள்தான் போவார். சீக்கிரம் தெரிய வேண்டும் என்றால் நீங்களே கொண்டுபோகலாம் என்றார்கள். முனீஸ்வரன் சாந்தம்மாளைப் பக்கத்து லயத்துப் பெண்ணோடு வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிட்டு, சின்ன பிளாஸ்டிக் பாட்டிலை வாங்கிக்கொண்டார். உள்ளே நிறைய மருந்துத் தண்ணீர், அதில் நாலு வெள்ளை நூல். “இன்னைக்குத் தன்னே எத்திக்கணும், கேட்டோ?” என்று, இன்றைக்கே கொண்டு சேர்க்கச் சொல்லி நர்ஸ் அனுப்பினாள். மூடியைத் திறக்காதே என்று சொல்லவில்லை. எந்த நர்சுக்கும் அப்படிச் சொல்லத் தோன்றாது.

ஜன்னலோர சீட். மத்தியான வெயில் நேராக மடியில் விழுந்தது. முனீஸ்வரன் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார், வெதுவெதுப்பாக இருந்தது. மூடியைப் பார்த்தார், காற்றுப் போக வழியில்லாமல் இறுக்கித் திருகியிருந்தது. இருபத்தாறு வருஷத்துப் பழக்கம் மனிதரை விடுமா? பச்சைச் சதை, அதுவும் சாந்தாவின் உடம்பிலிருந்து எடுத்தது, இப்படி மூச்சுமுட்ட அடைத்து வெயிலில் வைத்தால் கெட்டுப் போகாதா என்று தோன்றியது. ஒரு அரைத் திருகு தளர்த்திவிட்டு, கைத்துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டார். நல்ல காரியம் செய்த திருப்தியில் கண் அசந்துவிட்டார்.

நேரியமங்கலத்துக்கு இறங்குகிற வளைவுகளில் பஸ் எப்படிப் போகும் என்பது அதில் போனவர்களுக்குத் தெரியும். கண் எரிகிறது என்று முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தபோதுதான் விழித்தார். துண்டு நனைந்திருந்தது. வேட்டி நனைந்திருந்தது. பாட்டிலின் அடியில் ஒரு விரல் ஆழம்கூட மருந்து இல்லை. நாலு நூலும் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்து நின்றன.

ஏதாவது செய்ய வேண்டும். பையில் குடிக்கிற தண்ணீர் இருந்தது. காலையில் சாந்தம்மாள் கொதிக்க வைத்து ஆற்றிய சுத்தமான தண்ணீர். அதை ஊற்றிக் கழுத்துவரை நிரப்பி, இந்தத் தடவை மூடியை இறுக்கித் திருகினார். பார்க்க முன்னே இருந்த மாதிரியேதான் இருந்தது. எர்ணாகுளம் போய்ச் சேர இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. லேபின் கவுண்டரில் பாட்டிலை நீட்டினார். அங்கே இருந்தவர் நம்பர் ஒட்டி உள்ளே வைத்துக்கொண்டார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆறாம் நாள் முதல் ரிப்போர்ட் வந்தது. கேன்சர்தான். அது எந்த வகை, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்க, அதே சதையில் இன்னொரு சோதனை நடக்கிறது, அது வந்ததும் வைத்தியத்தைத் தொடங்கலாம் என்றார் டாக்டர் ஆனந்தகுமார். சாந்தம்மாள் அன்று யாரையும் திட்டவில்லை. அதுதான் முனீஸ்வரனுக்குப் பயமாக இருந்தது.

அதற்கு மூன்றாம் நாள் காலை, வாட்டுக்கூடத்தில் இருந்தபோது அவருக்குப் போன் வந்தது. ஒரு பெண் பேசினாள். மலையாளம் கலந்த தமிழ்.

“முனீஸ்வரன் அண்ணனா? நான் லேபிலேருந்து லிஜி. இங்கே டெக்னீசியன். சாந்தம்மாளோட சாம்பிள் நீங்களா கொண்டு வந்தது?”

“ஆமா மேடம்.”

“வர்ற வழியில பாட்டில்ல லீக் ஏதாவது உண்டாயிருந்தோ? மூடி திறந்தோ?”

காற்றாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. முனீஸ்வரன் தன் மணிக்கட்டைப் பார்த்தார். கன்றல் அப்போதுதான் மஞ்சளாகி மறைந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் மறுபடி ஊசி. செத்தாலும் வரமாட்டேன் என்று சொன்னவளை எப்படிக் கூட்டிப்போவது?

“இல்ல மேடம். குடுத்தது குடுத்தபடி கொண்டாந்தேன்.”

“சரி அண்ணா. வியாழக்கிழமை ரிப்போர்ட் ஆயிடும்” என்று வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு முனீஸ்வரன் எர்ணாகுளம் போனார். ரிப்போர்ட் இன்னும் கையெழுத்தாகவில்லை, மூன்று மணிக்கு டாக்டர் வருவார் என்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைத் தேடிக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், வெள்ளைக் கோட்டு, கைவிரலெல்லாம் நீலச் சாயக்கறை. அவள்தான் லிஜி. ராஜாக்காட்டுக்காரி, எஸ்டேட்காரர்களோடு பழகியே தமிழ் வந்தது என்றாள். “அண்ணா, கொஞ்சம் உள்ளே வாங்க. எனக்கு மனசுக்கு ஒப்பலை” என்று கூப்பிட்டாள்.

மைக்ராஸ்கோப் முன்னால் அவரை உட்கார வைத்து, முதலில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்தாள். “இது உங்க ஆளுதில்லை. சோதனை சரியா நடக்குதான்னு நாங்க பார்க்கிறதுக்கு வச்சிருக்கிறது. பாருங்க.”

முனீஸ்வரன் குனிந்து பார்த்தார். முதலில் தன் இமைமுடிதான் தெரிந்தது. பிறகு தெளிந்தது. காப்பிக் கலரில் கோடுகள், ஒன்றோடொன்று பின்னி, கண் கண்ணாக, வாட்டுத்தொட்டியின் கம்பி வலையை மேலிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் ஒரு நீலப் பொட்டு. “வலை மாதிரி இருக்கும்மா” என்றார்.

“ஒவ்வொரு கண்ணும் ஒரு செல்லு” என்றாள் லிஜி. “அந்தக் காப்பிக் கலர் ஒரு புரோட்டீன். அது செல்லோட ஓரத்துல நிக்கும். நம்ம எல்லார் உடம்புலயும் கொஞ்சம் நிக்குது, தப்பில்லை. வெளியேருந்து வளருன்னு சேதி வந்தா, அதை உள்ளே சொல்றது அதோட ஜோலி. சில கேன்சர்ல இது கணக்கில்லாம பெருகி, ஓரம் முழுக்க நெருக்கியடிச்சு நின்னுகிட்டு, யாரும் சேதி சொல்லாமலே வளரு வளருன்னு உள்ளே சொல்லிக்கிட்டே இருக்கும்.”

“அப்ப இது பொல்லாத வகையா?”

“பொல்லாத வகைதான். ஆனா இதுக்குன்னே ஒரு ஊசி மருந்து உண்டு. அந்த மருந்து செல்லுக்குள்ளே போகாது அண்ணா. வெளியே ஓரத்துல நிக்கிறதைத்தான் பிடிக்கும். அதனால இந்தப் புரோட்டீன் இருக்கா இல்லையான்னு மட்டும் பார்த்தாப் போதாது. எங்கே நிக்குதுன்னு பார்க்கணும். ஓரத்துல சுத்தி நின்னாத்தான் நாங்க எண்ணுவோம். உள்ளே சிதறிக் கிடந்தா எண்ண மாட்டோம்.”

பிறகு அவள் வேறொரு கண்ணாடியை வைத்தாள். “இது உங்க சாந்தம்மாள்.”

வலை இல்லை. கோடே இல்லை. மங்கலான காப்பிக் கலர் எல்லா இடத்திலும் ஈஷிக்கொண்டு கிடந்தது. நீலப் பொட்டுகள் ஊதி, விளிம்பு கரைந்து, குழைந்துபோன சோறு மாதிரி இருந்தன.

“ரெண்டு காரியம் இருக்கலாம்” என்றாள் லிஜி. “நெஜமாவே அந்தப் புரோட்டீன் ஓரத்துல இல்லாம இருக்கலாம். அப்படின்னா அந்த மருந்து அவங்களுக்கு வேண்டாம், வேற பார்க்கலாம். இல்லைன்னா, உடம்புலேருந்து எடுக்கும்போது ஓரத்துலதான் நின்னிருக்கு, வர்ற வழியில மருந்து சிந்தி, சதை கெட்டு, சுவரெல்லாம் கலைஞ்சு, கலங்கிப் போயிருக்கு. கண்ணாடியைப் பார்த்து எனக்கு அதைத் தீர்த்துச் சொல்ல முடியலை. பாட்டில்ல கோளாறு இல்லைன்னு நீங்க சொல்லிட்டீங்க. அப்போ டாக்டர் இருக்கிறதை வச்சு எழுதுவார். ஓரத்துல இல்லைன்னு.”

முனீஸ்வரன் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. படித்தவர் இல்லை அவர், எட்டாம் வகுப்புதான். ஆனால் தான் பார்த்துக்கொண்டிருப்பது என்ன என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒருமுறை ஃபேக்டரிக்குப் பயிற்சி சொல்ல வந்த அதிகாரி, பச்சை இலைக்குள் சிவக்க வைப்பது ஒரு அறையிலும் சிவப்பது இன்னொரு அறையிலும் இருக்கிறது, சுவர் உடையாத வரைக்கும் இலை பச்சையாகவே இருக்கும் என்று சொல்லியிருந்தார். உருளை மெஷினில் போட்டு அரைக்கும்போதுதான் சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன. சாக்குக்குள் வெந்துபோன கொழுந்தில் அது முன்கூட்டியே நடந்துவிடுகிறது. அப்படிப்பட்ட சாக்கைத் திறந்ததும், இந்த இலை செடியில் எப்படி இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இருபத்தாறு வருஷம் அவர் தனியாகக் கொட்டச் சொன்னது அதைத்தான். இன்று அதைக் கொண்டுவந்து நீட்டியிருப்பது அவர்.

“அண்ணா, கோபப்படாதீங்க. இன்னொரு தடவை கேக்கட்டா?” என்றாள் லிஜி. “பாட்டில் குடுத்தபடியேதானே வந்தது?”

குடுத்தது குடுத்தபடி. அவர் சொன்ன வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. எத்தனை பெண்கள் டிராக்டர் பக்கத்தில் நின்று அவரிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள்! சொல்லும்போது அவர்கள் கண் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். இப்போது அவர் கண்ணும் தரைக்குத்தான் போயிற்று.

“இல்லம்மா” என்றார். “மூடியத் தளத்திவிட்டேன். மூச்சு முட்டுமேன்னு நெனச்சேன். எல்லாம் ஊத்திப்போச்சு. நேரியமங்கலத்துல வச்சு, குடிக்கிற தண்ணிய ஊத்தி நெறச்சேன். கொதிக்க வச்ச தண்ணிதான். பொய் சொல்லிட்டேன் தாயி. அவளுக்கு மறுபடி ஊசி போடணுமேன்னு பொய் சொல்லிட்டேன்.”

அழக்கூடாது என்று நினைத்தார், முடியவில்லை. லிஜி நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்து, ஒரு காகிதத்தை எடுத்தாள். “எத்தனை மணிக்கு ஊத்தினீங்க?” என்று கேட்டாள். அவர் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டாள். திட்டவில்லை. ஒரு சொல்கூட. அவள் திட்டியிருந்தால் முனீஸ்வரனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மூன்று மணிக்கு வந்த டாக்டர் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு, ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டார். இந்தச் சதையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, மறுபடி எடுத்து அனுப்புங்கள் என்று ஆனந்தகுமாருக்குப் போன் செய்தார். கிளம்பும்போது லிஜி, கழுத்துவரை மருந்து நிரப்பிய ஒரு புதுப் பாட்டிலை அவர் கையில் கொடுத்தாள். மூடியைச் சுற்றி மூன்று சுற்று டேப். “ஆஸ்பத்திரியில அவங்க திறப்பாங்க, அவங்களே மூடுவாங்க. நீங்க இதைத் தொடவே கூடாது. இது கொழுந்து இல்லை அண்ணா, இதுக்கு மூச்சு வேண்டாம்” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இனி வீட்டில் சொல்ல வேண்டுமே. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்து வைத்தார். சாந்தம்மாளின் முகத்தைப் பார்த்ததும் சேர்த்தது அத்தனையும் கரைந்துவிட்டது. “லேப்ல சாம்பிள் சரியா வரலையாம். இன்னொருக்கா எடுக்கணுமாம்” என்று மட்டும் சொன்னார். சாந்தம்மாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். “எவ அவ? கண்ணு தெரியாதவளையெல்லாம் எதுக்கு வேலைக்கு வைக்காங்க? ஒருத்தி உசுரோட வெளையாடுதாளே” என்று தொடங்கினாள். முனீஸ்வரன் வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் திட்டித் தீர்த்துவிட்டு, மூன்றாம் நாள் தானே, “சரி, வாங்க போவோம்” என்று புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். செத்தாலும் வரமாட்டேன் என்றவள் வந்துவிட்டாள். இந்தத் தடவை அவர் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாவது ரிப்போர்ட் வருவதற்கு முன்னால் லிஜி போன் செய்தாள். அன்றைக்கு முனீஸ்வரன் டிராக்டர் பக்கத்தில் நின்றிருந்தார். “அண்ணா, ரிப்போர்ட்டை டாக்டர்தான் சொல்லுவார், நான் சொல்லக்கூடாது. ஆனா நீங்க கேட்டா சந்தோஷப்படுவீங்க. வலை மாதிரி நிக்குது. நல்ல கருப்பா, சுத்திலும், ஒரு கண்ணு விடாம” என்றாள்.

மனைவிக்கு வந்திருப்பது பொல்லாத வகை என்ற செய்தியைக் கேட்டு ஒரு மனிதர் போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை, டிராக்டரிலிருந்து சாக்கு இறக்கிக்கொண்டிருந்த பெண்கள் அன்று பார்த்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று எந்தச் சாக்கையும் அவர் தனியாகக் கொட்டச் சொல்லவில்லை என்பதை மட்டும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

வைத்தியம் ஒரு வருஷத்துக்குமேல் நடந்தது. முதலில் மற்ற மருந்துகளோடு அந்த ஊசி, பிறகு ஆபரேஷன், பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அந்த ஊசி மட்டும். முடி கொட்டியது. கொழுந்து பறிக்கிற பெண்கள் எல்லோரும் தலையில் துணி கட்டிக்கொள்வார்கள், சாந்தம்மாளும் வீட்டில் இருந்தபடியே கட்டிக்கொண்டாள், வந்து பார்த்தவர்களுக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை. ஆபரேஷனில் எடுத்ததையும் எர்ணாகுளத்துக்கு முனீஸ்வரனே கொண்டுபோனார். பெரிய டப்பா. மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அத்தனை வளைவிலும் கண்ணை இமைக்காமல் உட்கார்ந்திருந்தார். டிக்கெட் எடுக்கக்கூடக் கையை எடுக்கவில்லை, கண்டக்டரே அவர் சட்டைப்பையில் கைவிட்டு எடுத்துக்கொண்டார். அந்த டப்பாவில் இருந்த சதையில் கேன்சர் செல் ஒன்றுகூட மிச்சமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. ஊசி பிடிக்க வேண்டியதைப் பிடித்திருந்தது. டாக்டர் ஆனந்தகுமார் அதை இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்.

இந்த ஒரு வருஷமும் சாந்தம்மாள் லேப்காரியைத் திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. எந்த ஊசி போட்டாலும், எங்கே வலித்தாலும், கடைசியில் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். “அந்தக் கண்ணு தெரியாதவ மட்டும் ஒழுங்காப் பாத்திருந்தா எனக்கு ஒரு குத்து மிச்சம்.” முனீஸ்வரன் ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பார். இன்றைக்கு இவள் ரொம்பக் களைத்திருக்கிறாள் என்று அவரே ஒரு சாக்கும் கண்டுபிடித்துக்கொள்வார்.

கடைசி ஊசி முடிந்த மறுவாரம் சாந்தம்மாள் தூள் பொட்டலம் கட்ட உட்கார்ந்தாள். எஸ்டேட் ஆட்களுக்கு மாதாமாதம் கிடைக்கிற தூளில் மிச்சம் பிடித்து வைத்திருந்தது. டாக்டருக்கு ஒன்று, ஊசி போட்ட நர்சுகளுக்கு ஆளுக்கு ஒன்று, டிஸ்பென்சரி நர்சுக்கு ஒன்று, முன்சீட்டை எப்போதும் அவளுக்குப் பிடித்து வைத்த பஸ் கண்டக்டருக்கு ஒன்று.

“இன்னொண்ணு கட்டு. எர்ணாகுளம் போகணும்” என்றார் முனீஸ்வரன்.

“அங்க யாரு இருக்கா?”

“லேப்ல.”

“அவளுக்கா? எதுக்கு, ரெண்டு தடவ குத்த வச்சதுக்கா?”

“நீ கட்டு. பஸ்ல சொல்லுதேன்.”

பஸ்ஸில் ஏறி அடிமாலி தாண்டியதும் சொன்னார். மூடி, தண்ணீர், போனில் சொன்ன பொய், எல்லாம். முகத்தைப் பார்க்காமல் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சாந்தம்மாள் குறுக்கே பேசவில்லை. வளைவுகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. நேரியமங்கலம் பாலம் வந்தது.

“அந்தப் பொண்ணு பேரு என்ன?” என்று கேட்டாள்.

“லிஜி.”

“ஒரு வருசமா அவளையா திட்டினேன்? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன உங்களுக்கு? நல்லது செஞ்சவளத் திட்ட வச்சிட்டீங்களே.” அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மூடியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

லேபில் லிஜி வெளியே வந்தாள். முனீஸ்வரனைப் பார்த்துச் சிரித்தவள், பக்கத்தில் நின்றவளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். “இதுதான் சாந்தம்மாளா?” என்று கேட்டாள். “பதினொரு வருஷமா இங்கே வேலை பார்க்கிறேன் சேச்சி. கண்ணாடித் துண்டுல எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஆளைப் பார்க்கிறது இதுதான் முதல்.”

சாந்தம்மாள் பொட்டலத்தை நீட்டினாள். நீட்டிய கையை லிஜி பிடித்துக்கொண்டாள். “ஒன்னைய ரொம்பத் திட்டிட்டேன் தாயி. விவரம் தெரியாமத் திட்டிட்டேன். மனசுல வச்சுக்காத” என்றாள் சாந்தம்மாள்.

“நான் என்ன செஞ்சேன்? ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேட்டேன், அவ்வளவுதான். எத்தனை பேர்கிட்டே கேட்டிருக்கிறேன் தெரியுமா? எல்லாரும் குடுத்தபடியே கொண்டு வந்தோம்னுதான் சொல்லுவாங்க. இல்லைன்னு சொன்னது இந்த அண்ணன் ஒருத்தர்தான். அவர் அன்னைக்குச் சொல்லலைன்னா நாங்க மருந்து வேண்டாம்னு எழுதியிருப்போம்.”

சாந்தம்மாள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். முனீஸ்வரன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் விட்டார். மலை ஏறத் தொடங்கியதும் காற்று குளிர்ந்தது. புதிதாக முளைத்திருந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு வெளியே பார்த்தபடியே சாந்தம்மாள் சொன்னாள்.

“அந்த ரெண்டாவது ஊசி ரொம்ப வலிச்சுச்சு.”

“தெரியும் சாந்தா.”

“ஒங்களுக்குத் தெரியாது. மொதல்ல போட்டதவிட அதுதான் வலிச்சுச்சு.” பிறகு கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “நல்லவேள, குத்தினாங்க” என்றாள்.